சேவலைப் பாடம் செய்யத் தோலைத் தயாரிப்பது எப்படி: உரிப்பதிலிருந்து உலர்த்துவது வரை

சேலம் பக்கம் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்ப்பவர்கள் நிறைய பேர். பேர் வைத்து வளர்த்த சேவல் வயதாகிச் செத்துப் போனால் புதைக்க மனம் வராமல், "இதைப் பாடம் பண்ணி வீட்டில் வைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே செயற்கை உடல் வைத்து, உயிரோடு இருப்பது போல நிறுத்துவதுதான் பாடம் செய்வது. ஆனால் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பி எத்தனை கேஜ், கண்ணாடிக் கண் எங்கே கிடைக்கும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் கடைசியில் வருகிற வேலை. பாடம் செய்த பறவை வருஷக்கணக்கில் நிற்குமா, இல்லை ஆறே மாதத்தில் மஞ்சள் எண்ணெய் கசிந்து இறகெல்லாம் பிசுபிசுக்குமா என்பதைத் தோலின் உள்பக்கம்தான் தீர்மானிக்கிறது. அதனால் இங்கே தோலைப் பற்றி மட்டும். உரிப்பது, கொழுப்பெடுப்பது, அலசுவது, உலர்த்துவது. கம்பி கட்டி நிறுத்துவது தனிக் கதை.

எந்தப் பறவையைத் தொடலாம்

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தானாகச் செத்துக் கிடக்கும் காட்டுப் பறவையும் அரசின் சொத்து. ஏற்காடு மலைப்பாதையில் வண்டியில் அடிபட்ட செம்மீசைச் சின்னானைப் பார்த்தாலும், தோட்டத்து வேலியில் மாட்டிச் செத்த மயிலைப் பார்த்தாலும், எடுத்துவந்து ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். "காக்கைதானே" என்பதும் இனி செல்லாது. காக்கை இருந்த, பாதுகாப்பு கிடையாத தீங்குயிர்ப் பட்டியலையே 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. கூண்டில் வளர்த்த பச்சைக்கிளியும் காட்டுப் பறவைக் கணக்குதான். காட்டு உயிர்களைப் பாடம் செய்வதைத் தொழிலாக நடத்த உரிமம் வேண்டும். அது இல்லாமல் யாருக்கும் செய்து கொடுக்கக் கூடாது.

மிச்சம் இருப்பவை வீட்டுப் பறவைகள்: நாட்டுக்கோழி, சேவல், வாத்து, வான்கோழி, கினிக்கோழி, கூண்டில் வளரும் லவ் பேர்ட்ஸ். பழகுவதற்கு இவை தாராளமாகப் போதும்.

முதல் பறவைக்கு என் ஓட்டு நாட்டுக்கோழிப் பெட்டைக்கு. தோல் ஓரளவு கெட்டி, கொண்டை சின்னது, விலையும் கட்டுப்படியாகும். புறாவில் ஆரம்பிக்க வேண்டாம். அதன் தோல் மெலிசு. இறகு தோலில் பிடித்திருப்பதே ஒப்புக்குத்தான், கை பட்டாலே உதிரும். வாத்துத் தோல் உறுதியானது, ஆனால் கொழுப்பை எடுத்து மாளாது. பிராய்லரை மறந்துவிடுங்கள். ஆறு வாரத்துக் குஞ்சுக்கு இறகே முழுசாக வந்திருக்காது. பாதி இறகின் காம்பில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ரத்தக் காம்பைப் பற்றி ஒரு வார்த்தை. இறகு மாற்றும் பருவத்தில் இருக்கும் எந்தப் பறவையும் பாடத்துக்கு ஆகாது. கழுத்து இறகை விலக்கிப் பாருங்கள். நீலம் கலந்த கறுப்பில் தடித்த காம்புகள் முளைத்திருந்தால், அந்தப் பறவை இறகு போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இளங்காம்புகளில் ஈரமும் சத்தும் இருப்பதால் அங்கேதான் முதலில் அழுகும், பூச்சியும் அங்கேதான் முதலில் வரும்.

நோயில் செத்த பறவையும் வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் வந்தது, பண்ணையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவது, அம்மை போட்டது, இவற்றையெல்லாம் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். கூட்டமாகச் செத்தால் கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்ல வேண்டும். நல்ல பறவையாக இருந்தாலும் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் உட்காரக் கூடாது.

செத்ததிலிருந்து மேஜை வரை

சேலத்து ஏப்ரல் வெயிலில் செத்த கோழி அரை நாள்கூடத் தாங்காது. குடல்தான் முதலில் கெடும், அதை ஒட்டிய வயிற்றுத் தோல் பச்சையாக மாறும். அந்தப் பச்சை தெரிந்தால் அங்கே இறகு கழன்று வரப்போகிறது என்று அர்த்தம். வயிற்றில் இரண்டு இறகைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். தோலோடு எழும்பினால் நல்லது. கையோடு வந்தால் அந்தப் பறவையை விட்டுவிட வேண்டியதுதான்.

உயிர் போன உடனே வாயிலும் மூக்குத் துளையிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சு வையுங்கள். இல்லையென்றால் இரைப்பைத் தண்ணீர் வாய்வழியாக ஒழுகிக் கழுத்து இறகை நாசமாக்கும். சூடு ஆறும் வரை ஃபேனுக்குக் கீழே வைத்து, இறகை நீவிவிட்டு, தலையைச் சிறகுக்குள் மடித்து, பிளாஸ்டிக் கவரில் காற்றில்லாமல் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். காலையும் அலகையும் ஈரத் துணியில் சுற்றுவது நல்லது. ஃப்ரீசர் அவற்றைத்தான் முதலில் காயவைக்கும். மலைமேல் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் மின்வெட்டு ஒரு தலைவலி. உருகி உறைந்து, மறுபடி உருகி உறைந்த கோழியை நம்பக் கூடாது.

எடுக்கும்போது முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி மெதுவாக உருகவிடுங்கள். அவசரத்துக்கு வெந்நீரில் போடுவது கோழிக்கடைக்காரர் இறகு பிடுங்கச் செய்கிற வேலை. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

கறிக்கடையில் அறுத்த கோழியும் ஆகும். கழுத்தறுப்பைப் பின்னால் தைத்துக்கொள்ளலாம். ஆனால் அறுத்ததும் அவர்கள் டிரம்மில் போடுவதற்கு முன்பே தலைகீழாகப் பிடித்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கி வைக்க வேண்டியவை

சர்ஜிக்கல் கடையில் மூன்றாம் எண் பிடியும் 15-ஆம் எண் பிளேடும். சின்னக் கூர்முனைக் கத்தரிக்கோல், இடுக்கி, மொட்டைக் கத்தி, பித்தளைக் கம்பி பிரஷ், பழைய டூத் பிரஷ், ஹேர் டிரையர், பாத்திரம் விளக்கும் லிக்விட்.

தோல் கெடாமல் காக்கத் தடவுவது வெண்காரம், அதாவது போராக்ஸ். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கட்டியாகக் கொடுத்தால் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் போனால் விஷம்; சமையலறைப் பாத்திரத்தில் கலக்காதீர்கள். வெண்காரம் பட்ட கறியைச் சாப்பிடவும் கூடாது, நாய்க்குப் போடவும் கூடாது.

ஈரம் உறிஞ்ச ஒரு மாவு வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் சோளமாவைத் தேடுவார்கள். நமக்கு ஜவ்வரிசி ஊரில் அந்தக் கவலையே இல்லை, மரவள்ளி ஸ்டார்ச் மாவு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கிலோக் கணக்கில் கிடைக்கும். நல்ல வெள்ளை, நைசானது, இறகில் கறை பிடிக்காது. கடைசிக்கட்ட உலர்த்தலுக்கு மட்டும் லைட் மெக்னீசியம் கார்பனேட் கொஞ்சம் வேண்டும். ஜிம்மில் பளு தூக்குகிறவர்கள் உள்ளங்கையில் தேய்க்கும் வெள்ளைக் கட்டி பெரும்பாலும் இதுதான். சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் அடிவாரத்தில் வெட்டியெடுக்கிற மேக்னசைட், அதாவது நம் வெள்ளைக்கல், வேதியியல்படி கிட்டத்தட்ட இதே பொருள்தான். ஆனாலும் அந்தக் கல்லைப் பொடித்துப் போட வேண்டாம். அது நறநறப்பான கனமான தூள், இறகுக்குள் தங்கிவிடும். கடையில் விற்பது வேதிமுறையில் தயாரித்த பஞ்சுத்தூள்.

ஆர்சனிக் பற்றிச் சிலர் கேட்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பெக்கோர் என்பவர் ஆர்சனிக் சோப்பு கண்டுபிடித்த பிறகு, ரொம்ப காலம் உலகம் முழுக்க அதைத்தான் தோலில் தடவினார்கள். பழைய பங்களாக்களில் தொங்கும் பாடம் செய்த தலைகளை வெறுங்கையால் தொடக் கூடாது என்று சொல்வது அதனால்தான். வீட்டில் வெண்காரம் போதும்.

உரிப்பதற்கு முன் அளவு

கத்தியை எடுப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். கண்ணின் நிறம், காலின் நிறம், கொண்டையின் சிவப்பு எல்லாம் சில மணி நேரத்தில் மாறிவிடும். கண்ணின் குறுக்களவைக் குறியுங்கள். உரித்த பிறகு வரும் வெற்று உடலையும் அளக்க வேண்டும்: கழுத்து நீளம், கழுத்துத் தடிமன், உடல் நீளம், மார்புச் சுற்றளவு. அந்த உடலைக் காகிதத்தில் பக்கவாட்டில் கிடத்திப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டால், பின்னால் செயற்கை உடல் செய்ய அதுவே அச்சு.

சேவலுக்குக் கொண்டை ஒரு பிரச்சினை. எப்படிப் பதப்படுத்தினாலும் அது சுருங்கிக் கறுத்துப் போகும். பல் மருத்துவச் சாமான் கடையில் கிடைக்கும் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் குழைத்து, உரிப்பதற்கு முன்பே கொண்டையையும் தாடியையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எபாக்ஸி வார்த்து ஒட்டி வண்ணம் பூசலாம். கிளிமூக்குச் சேவலுக்குக் கொண்டை பேருக்குத்தான் இருக்கும் என்பதால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

உரிப்பது

பறவையை மல்லாக்கக் கிடத்துங்கள். மார்பு இறகை இரண்டு பக்கமும் ஒதுக்கினால் நடுவில் இறகே இல்லாத ஒரு வெற்றுத்தோல் பட்டை தெரியும். பறவைக்கு உடம்பு முழுக்க இறகு முளைப்பதில்லை. வரிசை வரிசையாகத்தான் முளைக்கிறது, இடையில் வெற்றிடம் இருக்கும். கத்தி போக வேண்டியது அந்த வெற்றிடத்தில். நெஞ்செலும்பின் நடுவிலிருந்து எச்சத்துவாரத்துக்கு ஒரு விரல்கடை முன்பு வரை கீறுங்கள். நெஞ்செலும்பு முடிந்ததும் கை லேசாகட்டும். அங்கே தோலுக்குக் கீழே மெல்லிய வயிற்றுச் சுவர்தான் இருக்கிறது. அது கிழிந்தால் குடல்நீர் இறகில் படும்.

கீறியதும் ஸ்டார்ச் மாவைத் தூவுங்கள். இனி ஒவ்வொரு அங்குலத்துக்கும் மாவு. ஈரம், ரத்தம், கொழுப்பு எதுவும் இறகைத் தொடாமல் அதுதான் காக்கும்.

தோலை இழுக்காதீர்கள். கறிக்கடைக்காரர் இழுப்பார், அரை நிமிஷத்தில் தோல் இறகோடு மொத்தமாக வந்துவிடும். அப்படி வந்த தோலை விரித்துப் பார்த்தால் இழுத்த திசையில் நீண்டு, முதுகில் இரண்டு மூன்று இடம் கிழிந்திருக்கும். நாம் செய்வது இழுப்பதல்ல, உடலைத் தோலிலிருந்து தள்ளுவது. இடது கை தோலை அசையாமல் பிடித்திருக்க, வலது கைப் பெருவிரல் சதைக்கும் தோலுக்கும் இடையில் நுழைந்து பிரிக்கட்டும்.

பக்கவாட்டில் பிரித்துக்கொண்டே போனால் முழங்கால் வரும். வெளியே தெரியும் செதில் கால் உண்மையில் பாதத்தின் நீட்சி. முழங்கால் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. லெக் பீஸும் தொடையும் சேரும் மூட்டு என்றால் சட்டென்று புரியும். காலை வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளினால் அந்த மூட்டு மேலே வரும். அங்கே வெட்டுங்கள். லெக் பீஸ் எலும்பு தோலோடு இருக்கட்டும், தொடை உடலோடு போகட்டும்.

அடுத்தது வால். பறவை முழுவதிலும் அவசரம் ஆகாத இடம் எது என்றால் இதுதான். வால் இறகுகள் எல்லாம் கடைசி எலும்புத் துண்டில் குத்தியிருக்கின்றன. அந்த எலும்பைத் தோலோடு விட்டு, அதற்கு முந்தைய முள்ளெலும்பில் வெட்ட வேண்டும். விரலை வெளியே வால் அடியில் வைத்துக்கொண்டு, உள்ளிருந்து மெல்ல வெட்டுங்கள். கொஞ்சம் பின்னால் போய் இறகுக் காம்புகளின் அடியை வெட்டிவிட்டால் விசிறிவால் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். ஒட்டி வைக்கலாம், ஆனால் பழைய விரிப்பு திரும்ப வராது.

வால் விடுபட்டதும் இடுப்பெலும்பில் ஒரு கொக்கியை மாட்டி ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கவிடுங்கள். இப்போது இரண்டு கையும் நமக்கு. பனியனைக் கழற்றுவது போலத் தோலை உள்பக்கம் வெளியே வரும்படி தலையை நோக்கி இறக்கிக்கொண்டு போகலாம். முதுகின் கீழ்ப்பகுதியில் தோல் எலும்போடு ஒட்டியிருக்கும், அங்கே நகத்துக்குப் பதில் பிளேடு. தோள்பட்டை வந்ததும் இரண்டு சிறகையும் மூட்டில் வெட்டுங்கள். தீனிப்பை நிறைந்திருந்தால் அதைக் குத்திவிடாமல் கவனம். அதற்கு மேல் கழுத்து, சுலபம்.

தலையில் வேகம் மறுபடி குறைய வேண்டும். சேவலின் தலை கழுத்துத் தோல் வழியாக நுழையாது. வலுக்கட்டாயமாக இறக்கினால் கழுத்து விரிந்து, நிறுத்திய பிறகு மடிப்பு மடிப்பாகத் தொங்கும். பிடரியில் இறகுகளுக்கு இடையே ஒரு அங்குலம் கீறி, மண்டையோட்டை அந்த வழியாக வெளியே எடுங்கள். முதலில் காது வரும், தோல் ஒரு சின்னப் பையாக எலும்புக் குழிக்குள் போயிருக்கும். அதை வெட்டாமல் இடுக்கியால் கிள்ளி முழுசாக இழுத்தெடுங்கள். அப்புறம் கண். நீலச் சாயலில் ஒரு சவ்வு தெரியும். எலும்பை ஒட்டி வெட்டினால் இமை தப்பிக்கும். இமை கிழிந்த பறவைக்கு எவ்வளவு விலையுள்ள கண் வைத்தாலும் பார்வை வராது. அலகின் அடி வரை உரித்ததும் நிறுத்துங்கள்.

கண்விழியை உடைக்காமல் எடுத்து, மண்டையின் பின்பக்கத்தை அகலப்படுத்தி மூளையை வழித்து, நாக்கையும் தாடைச் சதையையும் நீக்குங்கள். மண்டையோட்டை வேகவைத்துச் சுத்தம் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம், அலகின் மேலுறை கழன்று வந்துவிடும்.

சிறகும் காலும்

சிறகின் முதல் எலும்பில் உள்ள சதையை உள்ளிருந்தே சுரண்டிவிடலாம். நடு எலும்பு இரட்டை. அதில் ஒன்றின்மேல் சிறகு இறகுகள் நேராகக் குத்தி நிற்கின்றன. உள்ளிருந்து தோலை அதுவரை உரித்தால் அந்த இறகுகள் வரிசை குலைந்துபோகும். அதனால் சிறகின் அடிப்பக்கத்தில் வெளியிலிருந்து நீளக் கீறி, இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள சதையை எடுத்துவிட்டு, வெண்காரம் தடவித் தையுங்கள். நுனிப் பகுதியில் சதை கொஞ்சம்தான், வெண்காரப் பொடியைத் தண்ணீரில் குழைத்த பசையைச் சின்னக் கீறலில் திணித்தால் போதும்.

காலில் உள்ளங்கால் மெத்தையைக் கீறி, ஒரு கொக்கியால் நரம்புகளைப் பிடித்து வெளியே இழுத்து வெட்ட வேண்டும். அந்த வழியில்தான் பின்னால் கம்பி ஏறும். காலியான இடத்தில் சிரிஞ்சால் வெண்காரப் பசை.

வாலின் மேலே இரட்டை மேடாக ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கும், கோழி அலகால் தொட்டுத் தொட்டு இறகுக்குப் பூசுவது இங்கிருந்துதான். அதை முழுசாக வெட்டி எடுங்கள். விட்டால் எத்தனை தடவை அலசினாலும் வாலடி எண்ணெயாகவே இருக்கும்.

கொழுப்பு

மொத்த வேலையில் பாதி நேரம் இங்கே போக வேண்டும். கோழிக்கொழுப்பு அறைச் சூட்டிலேயே இளகும். தோலில் தங்கியது நாள்போக்கில் காற்றுப் பட்டுப் புளித்து, அமிலமாகி, தோலை உள்ளிருந்து அரிக்கும். வெளியே தெரிவது மார்பு இறகில் ஒரு மஞ்சள் ஈரம். அந்தக் கட்டத்தில் செய்ய ஒன்றும் இல்லை.

தோலை உள்பக்கம் மேலே இருக்கும்படி பலகையில் விரித்துப் பாருங்கள். கழுத்தடியில் தீனிப்பைக்கு இரண்டு பக்கமும், விலாவில், தொடை மடிப்பில், வாலைச் சுற்றி மஞ்சள் திட்டுகள் இருக்கும். இவற்றைக் கத்தரிக்கோலால் எடுத்துவிடலாம். கஷ்டம் கொடுப்பது இறகு வரிசைகளுக்குள் இருக்கும் கொழுப்பு. ஒவ்வொரு இறகின் காம்பும் தோலின் உள்பக்கம் சின்ன முள்ளாகத் துருத்தி நிற்கும். அந்த முட்களுக்கு நடுவே, பள்ளம் தெரியாதபடி கொழுப்பு நிரம்பியிருக்கும். பிளேடால் வெட்டினால் காம்பும் சேர்ந்து வெட்டுப்படும். பித்தளை பிரஷால், வரிசை போகிற திசையிலேயே, ஸ்டார்ச் மாவு தூவித் தூவித் தேய்க்க வேண்டும். மாவு கொழுப்போடு சேர்ந்து உருண்டு திரண்டு வரும். துடைத்துவிட்டு மறுபடி மாவு, மறுபடி பிரஷ். முடிந்த இடத்தில் காம்பு முனைகள் தனித்தனியாக எண்ணக்கூடிய அளவுக்குத் தெரியும். நடுவில் தோல் மங்கலான கண்ணாடித்தாள் நிறத்தில் இருக்கும்.

அடிக்கடி செய்கிறவர்கள் கிரைண்டர் மோட்டாரில் மெல்லிய கம்பிச் சக்கரம் மாட்டிக்கொள்வார்கள். கையால் ஒரு மணி நேரம் ஆவது அதில் பத்துப் பதினைந்து நிமிஷம். ஒரே விதி: சக்கரம் தோலின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓட வேண்டும். விளிம்பை எதிர்கொண்டால் தோலைப் பிடுங்கிச் சுருட்டிவிடும். கண்ணாடி போடாமல் நிற்கக் கூடாது. சுவரெல்லாம் கொழுப்புத் தெறிக்கும், ஆகவே வீட்டுக்குள் வேண்டாம்.

போதுமா என்று தெரிய ஒரு சோதனை உண்டு. தோலின் உள்பக்கத்தைக் காக்கிக் காகிதத்தில் அழுத்தி எடுத்து, காகிதத்தைக் காயவிடுங்கள். தண்ணீர்க் கறை காய்ந்தால் போய்விடும். எண்ணெய்க் கறை நிற்கும். நின்றால் மறுபடி பிரஷ்தான்.

கிழிசல்களை இப்போதே உள்பக்கத்திலிருந்து மெல்லிய நூலால் தைத்துவிடுங்கள்.

அலசுவது

ரத்தம் பட்டிருந்தால் முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டும். வெந்நீர் பட்டால் ரத்தம் இறகிலேயே உறைந்துவிடும். வெள்ளை இறகில் போகாத கறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்டு வைக்கலாம். நிற இறகில் வேண்டாம். ரத்தம் போன பிறகு, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் பாத்திர லிக்விட் கலந்து தோலை முக்கி, இறகு படிந்த திசையிலேயே கையால் நீவுங்கள். கசக்க வேண்டாம், பிழியவும் வேண்டாம். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். கோழிக்கு இரண்டு சோப்புத் தண்ணீர் பெரும்பாலும் போதும்.

நம் ஊரில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சோப்பு நுரைக்காது, போதாததற்குச் சாம்பல் படிவு இறகில் ஒட்டிக்கொள்ளும். கடைசி அலசலாவது மேட்டூர் தண்ணீரில் இருக்கட்டும். சோப்பு மிச்சமிருந்தால் இறகு காய்ந்த பிறகும் குச்சி குச்சியாக நிற்கும். எவ்வளவு ஊதினாலும் விரியாது.

வாத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு கரைப்பான் குளியல் தேவைப்படும். டிரை கிளீனிங் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ஒயிட் பெட்ரோலில் சில நிமிஷம் முக்கி எடுக்கலாம். மொட்டை மாடியில், திறந்த வெளியில், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ சுவிட்சோ இல்லாமல். வாசனை முழுக்கப் போகும் வரை ஹேர் டிரையரைக் கிட்டே கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக வெண்காரத் தண்ணீர். சாதாரணத் தண்ணீர் ஒரு லிட்டரில் 50 கிராம் அளவுக்குத்தான் வெண்காரம் கரையும், அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கும். அதில் தோலைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து எடுங்கள்.

படிகாரம் போடலாமா, ஆவாரம்பட்டை போடலாமா என்று வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் வேலை தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. பட்டைச் சாறு இறகைப் பழுப்பாக்கிவிடும். படிகாரம் தோலை விறைப்பாக்கும். ஆட்டுத்தோலுக்குச் செய்வது வேறு. பறவைத் தோல் காகிதத் தடிமன்தான்; கொழுப்பும் சதையும் இல்லாமல் வெண்காரத்தோடு காய்ந்தாலே நிற்கும்.

உலர்த்துவது

ஈரத் தோலைப் பழைய துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுங்கள். பிறகு அகலமான தட்டில் ஸ்டார்ச் மாவைக் கொட்டி அதில் புரட்டுங்கள். மாவு ஈரத்தைக் குடித்துக் கட்டியாகும். உதறிவிட்டுப் புது மாவு. இந்தக் கட்டத்தில் சூடான காற்று கூடாது. மரவள்ளி மாவு 60, 70 டிகிரியில் வெந்து பசையாகிவிடும் என்பது ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சிய யாருக்கும் தெரியும். அடி இறகில் கூழ் பிடித்தால் மறுபடி அலசுவதைத் தவிர வழியில்லை.

மாவு கட்டியாகாமல் தூளாகவே உதிர ஆரம்பித்த பிறகு ஹேர் டிரையர். முதலில் குளிர்காற்று, பிறகு இளஞ்சூடு. இறகு படிந்த திசைக்கு எதிராக, அடியிலிருந்து ஊதுங்கள். மேல் இறகு காய்ந்து அழகாகத் தெரியும்போது அடியில் உள்ள தூவி, அதாவது பஞ்சு இறகு, இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். தூவி பஞ்சாக விரியும் வரை விடக் கூடாது. ஊதிக்கொண்டே இருக்கும்போது ஏதோ ஒரு நிமிஷத்தில் அந்த ஈரப்பிசிறு திடீரென்று பறவையின் இறகாக மாறும். இவ்வளவு பாட்டுக்கும் எனக்குப் பிடித்த இடம் அது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறகு காய வேண்டும், தோல் காயக் கூடாது. உள்பக்கம் ஈரத் துணியை வைத்துக்கொண்டு ஊதுங்கள். சேலத்தில் கோடைக் காற்றே தோலை அரை மணி நேரத்தில் முறுக்கிவிடும். அலகின் ஓரம், இமை, விரல் இடுக்கு இவற்றை அவ்வப்போது ஈரப்பஞ்சால் தொட்டுக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் தொல்லை வேறு மாதிரி. ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் மாவும் ஈரம் வாங்கியிருக்கும், இறகு நாளெல்லாம் காயாது. மாவை முன்கூட்டியே வறுத்து ஆறவைத்து, கதவைச் சாத்திய அறையில் வேலையை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். ஈரத் தோல் இரவு முழுக்க வெளியே கிடந்தால் வயிற்றுப் பகுதி இறகு கழலும்.

கடைசியில் மெக்னீசியம் கார்பனேட்டைத் தூவி, மென்மையான பிரஷால் தட்டி, ஊதி எடுங்கள். மிச்ச எண்ணெய்ப் பசையையும் அது வாங்கிவரும். ஸ்டார்ச் துளியும் தங்கக் கூடாது. தங்கினால் எறும்பு, தோல் வண்டு, அந்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் விருந்து. பிரிந்திருக்கும் இறகுகளை இரண்டு விரலில் அடியிலிருந்து நுனிவரை நீவினால், அதன் இழைகளில் உள்ள நுண்ணிய கொக்கிகள் தாமாக மாட்டிக்கொண்டு பழைய வழவழப்பு வந்துவிடும்.

நிறுத்தும் வரை

அன்றே கம்பி கட்டுவதாக இருந்தால் தோலின் உள்பக்கம், மண்டையோடு, சிறகு எலும்பு, வாலடி எங்கும் வெண்காரப் பொடியைத் தாராளமாகத் தேய்த்து, இறகுப் பக்கம் வெளியே வரும்படி தோலைத் திருப்பி வேலையைத் தொடங்கலாம். இல்லையென்றால் உலர்த்தும் வேலைக்கு முன்பே, அலசிப் பிழியாத ஈரத் தோலாகச் சுருட்டிக் காற்றுப் புகாத கவரில் ஃப்ரீசரில் வைப்பது நல்லது. உலர்த்திய பிறகு வைத்தால் இறகை மறுபடி ஊத வேண்டிவரும்.

கவரில் ஒரு சீட்டு போடுங்கள்: பறவை, ஆணா பெண்ணா, செத்த நாள், ஊர், கண் அளவு, கண் நிறம், கால் நிறம். 1929-30-இல் வெர்னே ஆய்வுக் குழு கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பறவை சேகரித்தபோது சேர்வராயன் மலையும் அதன் பட்டியலில் இருந்தது. அவர்கள் செய்தது கம்பி கட்டி நிறுத்துவதல்ல. தோலுக்குள் பஞ்சடைத்து, கண்ணுக்குப் பஞ்சு வைத்து, சிறகை மடித்து மல்லாக்கக் கிடத்தும் ஆய்வுத் தோல். அந்த வகைத் தோலில் பாதி மதிப்பு காலில் கட்டிய சீட்டுக்குத்தான். உங்கள் சேவலுக்கு ஆய்வாளர் யாரும் வரப்போவதில்லை. ஆனால் ஃப்ரீசரில் இரண்டு கவர் சேர்ந்துவிட்டால், எந்தச் சேவலுக்கு மஞ்சள் கண், எதற்கு முத்துக்கண் என்று அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கண் வாங்க வேண்டியிருக்கும்.